விற்பனைக்கு ஒரு பண்ணை வீடு

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் பழைய பண்ணை வீடு ஒன்று விலைக்கு வரும்போது எழுதப்படும் அறிவிப்புக்கு ஏறத்தாழ மாறாத ஓர் அமைப்பு உண்டு. கட்டடம் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததா, பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததா என்பது முதலிலேயே கூறப்பட்டுவிடும். அடுத்து, கறுத்த ஓக் உத்தரங்கள், கற்பலகை பாவிய தரை, ஆள் நுழையும் அளவுக்கு அகன்ற கணப்படுப்பு ஆகியவை வரிசையாக வரும். பிறகு தோட்டம். மதில் சூழ்ந்த காய்கறிப் பாத்திகள், முதிர்ந்த ஆப்பிள் மரங்கள், ரோஜாக்கொடி படர்ந்த வாயில், புல்வெளிக்கு அப்பால் தெரியும் குன்றுகள். படிப்பவர் மனத்தில் ஆசை முற்றிய நிலையில், மேய்ச்சல் நிலம் தனிப் பிரிவாக விற்கப்படும் என்றொரு குறிப்பு கடைசியில் இருக்கும். வேண்டுவோர் அதையும் கேட்கலாம். வேண்டாதோர் வீட்டையும் தோட்டத்தையும் மட்டும் பெற்றுக்கொள்ளலாம்.

அந்தக் கடைசிக் குறிப்பைப் பற்றியதே இக்கட்டுரை. பழைமையான பண்ணை வீட்டை அதன் நிலத்திலிருந்து பிரித்து விற்பது, வீட்டின் பழைமையை அழிப்பதற்கு ஒப்பாகும் என்பது நம் கருத்து. சுவரில் ஒரு கல்லும் பெயர்க்கப்படாமல், தோட்டத்தில் ஒரு செடியும் பிடுங்கப்படாமல் இவ்வழிவு நிகழ்ந்துவிடுகிறது. ஆகவேதான் அது பெரும்பாலோர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

'பண்ணை' என்ற சொல் நம் மொழியில் உழவு, கால்நடை, ஆள்கட்டு, விளைச்சல் எல்லாவற்றையும் சேர்த்துக் குறிப்பது. இன்று 'பண்ணை வீடு' என்றவுடன் வசதி படைத்தோர் வார இறுதியில் வந்து தங்கும் மாளிகையே பலர் நினைவுக்கு வருகிறது. சொல்லின் முற்பகுதி பொருளிழந்து பிற்பகுதி மட்டும் எஞ்சியிருக்கிறது. இம்மாற்றம் நம்மிடையே மட்டும் நிகழ்ந்ததன்று. ஆங்கிலத்திலும் இதே சொல்லுக்கு இதே கதிதான் நேர்ந்துள்ளது. அங்கே அக்கதியை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுணர்ந்து எழுதிய கவிஞர் ஒருவர் இருந்தார். தம் பணத்தைக் கொண்டு அதைத் தடுக்க முயன்ற எழுத்தாளர் ஒருவரும் இருந்தார். இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இவ்விற்பனை அறிவிப்புகளில் அக்கறை எழுவதற்கு அவ்விருவரே காரணம்.

கவிஞர், வில்லியம் வேர்ட்ஸ்வொர்த். இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரி மாவட்டம் என்றழைக்கப்படும் மலைப்பகுதியில் பிறந்து, வாழ்வின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தவர். 1800-இல் அவர் இயற்றிய 'மைக்கேல்' என்ற நெடும்பாடல், சுருங்கக் கூறின், ஒரு பண்ணை விற்பனையின் கதை. முதிய ஆட்டிடையன் மைக்கேல், அண்ணன் மகனுக்குப் பிணை நின்றதால் தன் உடைமையில் பாதியளவை இழக்கும் நிலைக்கு வருகிறான். நிலத்தில் ஒரு பகுதியை விற்றால் கடன் தீரும். பரம்பரை நிலம் அயலார் கைக்குப் போவதைத் தாங்க மாட்டாமல், பொருளீட்டி மீட்குமாறு ஒரே மகன் லூக்கை நகரத்துக்கு அனுப்புகிறான். புறப்படும் முன் தந்தையின் வேண்டுகோளின்படி மகன் ஓர் ஆட்டுப்பட்டிக்கு முதற்கல்லை வைக்கிறான். நகரத்தில் அவன் கெட்டழிந்து கடல் கடந்து ஓடிப்போகிறான். கிழவன் பட்டியைக் கட்டி முடிக்காமலேயே இறக்கிறான். மனைவியும் இறந்தபின் நிலம் அந்நியன் ஒருவனுக்கு விற்கப்படுகிறது. வீடு இருந்த இடத்தில் ஏர் ஓடுகிறது. வாசலில் நின்ற ஓக் மரமும் முடிவுறாத பட்டியின் கற்களும் மட்டும் எஞ்சுகின்றன.

இப்பாடல் அடங்கிய நூலை 1801 ஜனவரியில் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் என்ற அரசியல் தலைவருக்கு அனுப்பியபோது, வேர்ட்ஸ்வொர்த் ஒரு நீண்ட கடிதமும் எழுதினார். சொந்தமாகச் சிறு நிலம் வைத்திருக்கும் குடியானவர்களிடையே குடும்பப் பாசம் எவ்வளவு உறுதியானது என்று அதில் விளக்கும் அவர், அந்நிலமே அவர்களுடைய உணர்வுகள் எழுதப்பட்டிருக்கும் பலகை என்ற பொருள்படக் கூறுகிறார். அத்தகைய குடிகள் விரைவாக மறைந்து வருகின்றனர் என்பதும் அவர் கவலை. அவர் காலத்திலேயே செல்வர்கள் இயற்கை அழகை நாடி அங்கு வந்து நிலம் வாங்கி மாளிகைகள் எழுப்பத் தொடங்கியிருந்தனர். அழகை நாடி வருவோரின் பணமே அவ்வழகை உண்டாக்கிய வாழ்வை அப்புறப்படுத்தும் என்ற முரண்பாடு, ஏரி மாவட்டத்தைப் பற்றி அவர் எழுதிய வழிகாட்டி நூலில் வெளிப்படையாகவே பேசப்படுகிறது. அந்நூலைப் படித்துவிட்டு மேலும் பல பயணிகள் அங்குச் சென்றார்கள் என்பது வேறு கதை.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு வேர்ட்ஸ்வொர்த்தின் வாதம் புதிதாகத் தோன்றாது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய உணவு, விலங்கு, மரம், புள், தொழில் முதலியன கருப்பொருள். இவ்விரண்டின் மேல் நிற்பதே உரிப்பொருளாகிய மனித உணர்வு. விற்பனை அறிவிப்பு இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. அமைதி, தனிமை, கிராமத்து மணம் என உரிப்பொருளை மட்டும் பொட்டலமாகக் கட்டி விலை கூறுகிறது. ஆடும் மாடும் தொழிலும் நீங்கிய வீட்டில் அந்த அமைதி எதன் மேல் நிற்கும் என்ற கேள்விக்கு அங்கு இடமில்லை.

*

எழுத்தாளர், பியாட்ரிக்ஸ் பாட்டர். 1866-இல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 'பீட்டர் ராபிட்டின் கதை' 1902-இல் ஃபிரடெரிக் வார்ன் பதிப்பகத்தின் வழியாக வெளிவந்து, உலகெங்கும் குழந்தைகளின் கையில் சேர்ந்தது. பதிப்பாசிரியர் நார்மன் வார்ன் 1905-ஆம் ஆண்டு ஜூலையில் அவரை மணக்க விருப்பம் தெரிவித்தார். வணிகக் குடும்பத்துப் பிள்ளை என்பதால் பெற்றோர் எதிர்த்தும் பாட்டர் இசைந்தார். ஒரு மாதம் கழியுமுன் நார்மன் இரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார். அவ்வாண்டின் இலையுதிர்காலத்திலேயே, நூல்களின் உரிமைத்தொகையையும் அத்தை விட்டுச் சென்ற சிறு தொகையையும் கொண்டு, ஏரி மாவட்டத்தின் நியர் சாரே என்ற சிற்றூரில் பாட்டர் வாங்கியதே 'ஹில் டாப்' என்னும் பண்ணை வீடு. அப்போது அவருக்கு வயது 39.

ஹில் டாப் பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடம். அதனுடன் 34 ஏக்கர் நிலமும் வந்தது. அங்கு ஜான் கேனன் என்பவர் தம் குடும்பத்துடன் தங்கிப் பண்ணையை நடத்திவந்தார். வீட்டைத் தமக்கென வைத்துக்கொள்ள விரும்பும் ஒரு லண்டன் பெண்மணி அக்குடும்பத்தை வெளியேறச் சொல்லியிருந்தாலும் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். பாட்டர் செய்தது வேறு. 1906-இல் வீட்டை ஒட்டி ஒரு பகுதியைப் புதிதாகக் கட்டி அதைக் கேனன் குடும்பத்துக்கு அளித்தார். பழைய பகுதியைத் தமக்கு வைத்துக்கொண்டார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளும் அவ்வாண்டும் பொறித்த கல் இன்றும் அச்சுவரில் உள்ளது. பசுக்களும் பன்றிகளும் ஆடுகளும் வாத்துகளும் முன்போலவே அங்கு வளர்ந்தன. நாட்டுப்புறத்தில் ஒரு பழைய வீட்டை எவ்வாறு வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நாம் அறியோம்.

அதன் தோட்டம் அவரே அமைத்தது. வீட்டு வாயிலை நோக்கி ஏறிச்செல்லும் நீண்ட நடைபாதையின் இருமருங்கிலும் பூஞ்செடிகள்; ஒருபுறம் சிறு இரும்புக் கதவு வைத்த காய்கறித் தோட்டம். பல செடிகள் அண்டை வீட்டார் கொடுத்தவை. பூவும் காயும் மூலிகையும் ஒன்றோடொன்று கலந்து வளரும் கிராமத்துத் தோட்டம் அது. 1907-இல் வெளிவந்த 'டாம் கிட்டன்' கதையிலும், 1908-இல் வெளிவந்த 'ஜெமைமா பட்டில்-டக்' கதையிலும் வரும் நடைபாதை, வாயில், ரூபார்ப் பாத்தி ஆகிய அனைத்தும் இங்கிருந்து வரையப்பட்டவை. எலிகள் மிகுந்த அப்பழைய வீட்டின் சுவரிடுக்குகளிலிருந்தே 'சாமுவேல் விஸ்கர்ஸ்' கதை பிறந்தது. ஜெமைமா என்ற வாத்து தன் முட்டைகளைத் தானே அடைகாக்க விரும்பிப் பண்ணையை விட்டு வெளியேறுவதுதான் அக்கதையின் தொடக்கம். முட்டைகளை எடுத்துக் கோழியிடம் வைத்து அடைகாக்கச் செய்யும் பண்ணை வழக்கத்தை அறியாதவர் அக்கதையை எழுதியிருக்க முடியாது. வீடு மட்டும் விலைக்கு வாங்கப்பட்டுப் பண்ணை வேறொருவர் கைக்குப் போயிருந்தால் இக்கதைகள் நமக்குக் கிடைத்திரா என்று துணிந்து கூறலாம்.

பாட்டர் ஹில் டாப்புடன் நிற்கவில்லை. 1909-இல் அருகிலிருந்த காசில் பண்ணையை வாங்கினார். அவ்விற்பனைகளில் உதவிய வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸை 1913-இல் மணந்தார். 1923-இல் ஏறத்தாழ 2000 ஏக்கர் பரப்புள்ள டிரௌட்பெக் பார்க் என்ற மலைப்பண்ணை அவர் வசமாயிற்று. 1930-இல் மங்க் கானிஸ்டன் என்னும் 4000 ஏக்கர் அளவிலான உடைமை துண்டு துண்டாக விற்கப்படும் அபாயம் எழுந்தபோது, முழுவதையும் தாமே வாங்கி, அதில் பாதியை வாங்கிய விலைக்கே நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குப் பின்னர் கொடுத்தார். பழைமையும் எழிலும் உள்ள இடங்களைக் காக்க 1895-இல் தோன்றிய அமைப்பு அது. அதன் நிறுவனர் மூவருள் ஒருவரான ஹார்ட்விக் ரான்ஸ்லி பாட்டரின் இளமைக்கால நண்பர். 1943 டிசம்பரில் பாட்டர் மறைந்தபோது, 4000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலமும் ஒரு டசனுக்கும் மேற்பட்ட பண்ணைகளும் அவ்வமைப்புக்குச் சேர்ந்தன.

அவருடைய உயிலில் ஒரு நிபந்தனை கவனிக்கத்தக்கது. மலைப்பண்ணைகளில் வளர்க்கப்படும் மந்தைகள் கலப்பற்ற ஹெர்ட்விக் இன ஆடுகளாகவே இருத்தல் வேண்டும் என்று அவர் எழுதிவைத்தார். வீடுகளையும் நிலத்தையும் கொடையளித்தவர் ஆட்டைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? அம்மலைகளில் வேலியில்லாத பொதுமேய்ச்சல் பரப்பு மிகுதி. ஒவ்வொரு மந்தைக்கும் தன் எல்லை எது என்பது தெரியும். 'ஹீஃப்' என்று உள்ளூரார் அழைக்கும் அவ்வெல்லையைத் தாயாடு குட்டிக்குக் கற்பிக்கிறது. குட்டி வளர்ந்து தன் குட்டிக்குக் கற்பிக்கிறது. மந்தையை விற்றுவிட்டால் அந்த அறிவும் அதனுடன் போய்விடும். புதிய ஆடுகளை வாங்கி விடலாம். அவை திசைதெரியாமல் சிதறும். மீண்டும் பழக்குவதற்குப் பல ஆண்டுகள் ஆள் நின்று மேய்க்க வேண்டும். ஆகவே அப்பகுதியில் மந்தையும் நிலத்தோடு சேர்ந்த சொத்தாகவே கருதப்படுவது வழக்கம். குத்தகையாளர் விலகும்போது, தாம் வந்தபோது இருந்த எண்ணிக்கை ஆடுகளை விட்டுச் செல்ல வேண்டும். 2001-இல் பிரிட்டனில் பரவிய கோமாரி நோயைக் கட்டுப்படுத்த 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டபோது, ஏரி மாவட்டத்து உழவர்கள் அஞ்சியதும் இதற்காகவே. ஆடுகளுக்கு இழப்பீடு உண்டு. ஆடுகள் அறிந்திருந்த எல்லைக்கு எந்த இழப்பீடும் ஈடாகாது.

ஒரு பண்ணை வீட்டின் பழைமை என்று நாம் கூறுவது இதைத்தான். பதினேழாம் நூற்றாண்டு உத்தரம் பழைமையானது. அதே நூற்றாண்டிலிருந்து தாய் வழியாகக் குட்டிக்கு வந்து சேர்ந்திருக்கக்கூடிய மேய்ச்சலறிவு அதனினும் அரியது. முன்னதைப் பாதுகாக்க இங்கிலாந்தில் சட்டம் உண்டு. பட்டியலிடப்பட்ட கட்டடத்தின் சன்னலை மாற்றுவதற்கும் அனுமதி பெற வேண்டும். பின்னதை வீட்டிலிருந்து பிரித்து ஏலத்தில் விடுவதற்கு எவரிடமும் அனுமதி பெறவேண்டியதில்லை.

*

தோட்டத்தைக் காத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். இதற்கு விடையாக, கென்ட் பகுதியில் உள்ள சிசிங்ஹர்ஸ்ட்டைக் கூறலாம். பதினாறாம் நூற்றாண்டு மாளிகையாக இருந்து, பதினெட்டாம் நூற்றாண்டுப் போரில் பிடிபட்ட பிரெஞ்சுக் கைதிகளின் சிறையாகவும், பின்னர் ஏழைகளின் விடுதியாகவும், பண்ணையாகவும் மாறிச் சிதைந்துகிடந்த இடம் அது. 1930-இல் விற்பனைக்கு வந்தபோது கவிஞர் வீட்டா சாக்வில்-வெஸ்ட் அதை 12,375 பவுண்டுக்கு வாங்கினார். தாம் பிறந்த நோல் மாளிகை, பெண் என்ற ஒரே காரணத்தால் தமக்குக் கிடைக்காமல் போன துயரம் அவருக்கு இருந்தது. கணவர் ஹெரால்டு நிக்கல்சன் பாதைகளையும் வேலிகளையும் வகுக்க, வீட்டா செடிகளை நட்டார். 1938-இல் ஒரு ஷில்லிங் கட்டணத்தில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அத்தோட்டம், இன்று உலகின் புகழ்பெற்ற தோட்டங்களுள் ஒன்று. 1967-இல் அது நேஷனல் டிரஸ்ட் வசம் சென்றது.

தோட்டம் செழித்தது. அதைச் சூழ்ந்திருந்த பண்ணையோ மெல்ல மெல்லத் தன் உயிரை இழந்தது. ஹாப் கொடிகளும் பழத்தோட்டங்களும் பசுக்களும் மறைந்தன; தானியம் விளையும் அகன்ற வயல்கள் மட்டும் எஞ்சின. வீட்டாவின் பேரன் ஆடம் நிக்கல்சன், சிறுவயதில் தாம் கண்ட கலப்புப் பண்ணையை மீட்டெடுக்க வேண்டும் என்று இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அறக்கட்டளையுடன் வாதாடினார். அங்கு வருவோருக்குப் பரிமாறும் காய்கறி அந்த மண்ணிலேயே விளைய வேண்டும் என்பது அவர் கோரிக்கை. 2008-இல் வெளிவந்த அவருடைய நூல் அப்போராட்டத்தையும் அதில் எழுந்த மனக்கசப்புகளையும் விரிவாகப் பேசுகிறது. காய்கறி நிலம் ஒன்று உருவாக்கப்பட்டதும் அதன் விளைவே. தோட்டத்தை மட்டும் சட்டமிட்டு மாட்டிவிட்டுச் சூழ்ந்த நிலத்தைப் பின்னணித் திரையாக விட்டுவிட்டால், அது காட்சிப்பொருளாகிவிடும். பண்ணை வீட்டுத் தோட்டத்துக்குத் தொழுவத்திலிருந்து எரு வர வேண்டும். அதன் காய் சமையலறைக்குப் போக வேண்டும். மிஞ்சியது பன்றிக்குப் போக வேண்டும். இச்சுற்று அறுந்தபின் இருப்பது வேறொரு வகைத் தோட்டம். அழகில் குறைவில்லாததாக இருக்கலாம். பண்ணைத் தோட்டம் என்று அதைச் சொல்ல இயலாது.

இதன் மறுபக்கத்தை 2016-இல் கண்டோம். ஏரி மாவட்டத்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் தார்னித்வெயிட் என்ற பழைய பண்ணை விற்பனைக்கு வந்தது. வீடு ஒரு பிரிவு. 300 ஏக்கர் அளவிலான நிலம் மற்றொரு பிரிவு. நேஷனல் டிரஸ்ட், அறிவிக்கப்பட்ட மதிப்பைவிட 2 லட்சம் பவுண்டு கூடுதலாக, 9,50,000 பவுண்டு கொடுத்து நிலத்தை மட்டும் வாங்கியது. வீட்டை வாங்க அது முன்வரவில்லை. வீடு தனியே விலைபோயிற்று. வீடும் நிலமும் சேர்ந்தே ஓர் உழவர் குடும்பத்துக்குக் கிடைக்கும் என்று நம்பியிருந்த உள்ளூரார் கொதித்தனர். அதே கம்பிரியாவில் பிறந்த எழுத்தாளர் மெல்வின் பிராக் 'தி டைம்ஸ்' நாளிதழுக்குக் கடுமையான கடிதம் எழுதினார்.

பாட்டரின் கொடையைப் பெற்ற அதே அமைப்பு, அவர் செய்ததற்கு நேர்மாறானதைச் செய்தது என்பதே நமக்கு வருத்தமளிக்கிறது. மங்க் கானிஸ்டன் துண்டாடப்படாமல் காக்கவே அவர் தம் கைப்பணத்தைப் போட்டார். தார்னித்வெயிட்டில் துண்டாடப்பட்ட விற்பனைக்கு அவ்வமைப்பின் பணமே முடிவுரை எழுதியது.

அறக்கட்டளையின் தரப்பையும் நியாயமாகக் கூறியாக வேண்டும். நிலத்தையும் அதன் இயற்கை வளத்தையும் காப்பதே தன் முதன்மை நோக்கம் என்றது அது. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயலால் கம்பிரியா வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. மேட்டுநிலத்தில் நீரின் வேகத்தைத் தணிக்க மரங்களும் ஈரநிலங்களும் தேவை என்ற கருத்து அப்போது வலுப்பெற்றிருந்தது. அளவுக்கு மீறிய ஆட்டு மேய்ச்சல் மலைகளை மொட்டையாக்கிவிட்டது என்று சூழலியலாளர் பலர் கூறுவதும் புறந்தள்ளத்தக்கதன்று. பாட்டர் விரும்பிய ஆடுகளே அனைத்துக்கும் தீர்வு என்று நாம் வாதிடவில்லை. ஆனால் ஆடுகளைக் குறைத்து மரங்களை நடுவதாயினும், அதைச் செய்வதற்கும் அங்கே ஆள் இருக்க வேண்டுமல்லவா? கற்சுவர் சரிந்தால் எடுத்து அடுக்கவும், வசந்தத்தில் ஈனும் ஆடுகளை இரவில் எழுந்து பார்க்கவும், நடப்பட்ட கன்றுகளைக் காக்கவும் குடியிருப்பவர் தேவை. அவர் குடியிருப்பதற்கென மூதாதையர் கட்டிவைத்ததுதான் அவ்வீடு.

விற்பவரின் தரப்பும் உண்டு. மலைப்பண்ணையில் வருவாய் குறைவு. இங்கிலாந்தில் நிலப்பரப்பின் அடிப்படையில் வழங்கப்பட்டுவந்த உழவு மானியம் 2021 முதல் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. பிள்ளைகள் நகரத்தில் வேலை பார்க்கின்றனர். முதிய உழவர் இறந்தபின் மூன்று வாரிசுகளுக்குச் சொத்தைப் பகிர வேண்டியிருக்கும்போது, பிரித்து விற்றால் கூடுதல் விலை கிடைக்கும் என்று தரகர் கூறுவதை அவர்கள் எவ்வாறு மறுப்பார்கள்? கணக்கும் எளிதானதே. நிலத்துக்கு உழவர் தரக்கூடிய விலையை ஆட்டின் விலை தீர்மானிக்கிறது. குன்று தெரியும் பழைய வீட்டுக்கு நகரத்தார் தரக்கூடிய விலையை நகரத்து ஊதியம் தீர்மானிக்கிறது. இரண்டும் ஒரே பிரிவாக நின்றால் உழவரும் போட்டியில் ஒருவராக இருக்க வழியுண்டு. பிரிந்து நின்றால் வீட்டை எட்டிப்பார்க்கவும் அவரால் இயலாது. வீடு விடுமுறைக் குடிலாகும். தானியக் களஞ்சியம் விருந்தினர் அறைகளாகும். ஆண்டின் பாதி நாள் விளக்கெரியாது. நிலத்தை வாங்கிய அண்டைப் பண்ணையார் சில மைல் தொலைவிலிருந்து வண்டியில் வந்து பார்த்துவிட்டுப் போவார். பள்ளியில் பிள்ளைகள் குறைவார்கள். இதில் எவரும் தீங்கு செய்ய நினைத்தவரல்லர் என்பதுதான் இச்சிக்கலைக் கடினமாக்குகிறது.

இதற்கு வழியே இல்லை என்று கூற முடியாது. பிரான்சில் 1960-களில் உருவான ஏற்பாட்டின்படி, வேளாண் நிலம் விற்கப்படும்போது குறுக்கிட்டு முதலுரிமையோடு வாங்கி, உழவர்க்கு மறுவிற்பனை செய்யும் அதிகாரம் அதற்கென அமைந்த நிறுவனங்களுக்கு உண்டு. இங்கிலாந்திலேயே, கட்டுப்பாடு மிகுந்த நாட்டுப்புறத்தில் புதிய வீடு கட்ட அனுமதி அளிக்கையில், அதில் உழவுத் தொழில் செய்வோரே குடியிருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கும் வழக்கம் உள்ளது. இதில் ஒரு விந்தை இருக்கிறது. நேற்றுக் கட்டிய எளிய வீடு உழவருக்கென ஒதுக்கப்படுகிறது. முந்நூறு ஆண்டுகள் உழவர் வாழ்ந்த வீட்டுக்கு அப்படி எந்தக் கட்டும் இல்லை. சட்டமிட்டு எல்லாவற்றையும் தடுக்க வேண்டும் என்று நாம் கோரவில்லை. வீடும் நிலமும் மந்தையும் சேர்ந்த முழுப் பண்ணையாக, குறிப்பிட்ட சில மாதங்களுக்கு முதலில் விலைகூறப்பட வேண்டும். அதன்பின் வாங்குவார் இல்லையெனில் பிரித்து விற்கலாம் என்ற அளவிலாவது ஒரு முறை வேண்டும். மக்களின் நன்கொடையால் இயங்கும் அறக்கட்டளைகளோ இன்னும் ஒருபடி மேலே சென்று, நிலத்தை வாங்குமிடத்தில் வீட்டையும் வாங்கிக் குத்தகை உழவருக்கு அளிப்பதைத் தம் கடமையாகக் கொள்ள வேண்டும்.

ஏரி மாவட்டம் 2017-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதற்குக் கூறப்பட்ட காரணங்களில் மலைகளும் ஏரிகளும் மட்டும் இல்லை. அங்கு வழிவழியாக நடந்துவரும் ஆடுவளர்ப்பும் வேளாண்மையும் உருவாக்கிய நிலத்தோற்றம் என்றே அது ஏற்கப்பட்டது. வேர்ட்ஸ்வொர்த் முதலானோரின் எழுத்தும், பாட்டர் போன்றோரின் பாதுகாப்பு முயற்சியும் அதில் சேர்த்து எண்ணப்பட்டன. ஆகவே, நிலத்தையும் தொழிலையும் எழுத்தையும் பிரிக்க முடியாது என்பது இலக்கியவாதிகளின் மிகைக் கற்பனை என்று எவரும் ஒதுக்கிவிட இயலாது.

ஹில் டாப் 1946 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. அறைகள் பாட்டர் விட்டுச் சென்றபடியே இருக்கின்றன. இடம் சிறிதாகையால் நேரம் குறித்த சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே செல்ல வேண்டும். அங்குச் செல்லும் வாய்ப்புப் பெறும் நம் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கதைப் புத்தகத்தில் வரைந்த அலமாரியும் படிக்கட்டும் அப்படியே இருப்பதைக் கண்டு மகிழுங்கள், அது இயல்பு. பிறகு வெளியே வந்து, 1906-ஆம் ஆண்டுக் கல் பதித்த அந்தப் புதிய பகுதியையும் சற்று நின்று பாருங்கள். சிறிய கட்டடம்தான். ஒரு பண்ணையை விலைக்கு வாங்கியவர், அதில் உழைத்துக்கொண்டிருந்த குடும்பம் அங்கேயே தொடர்ந்து வாழ்வதற்காகக் கட்டிய பகுதி அது. விற்பனை அறிவிப்புகளை எழுதுவோரும் வாங்குவோரும் அதைக் கண்டு கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு.